நான்காவது மாடியில் ஒரு நற்செய்தி

தொழிலாளியின் கண்ணீரைத் துடைக்க மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது, இழப்பீட்டுச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் 'பலன் அறிவிப்பு விதி'தான். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. படிவத்தில் அதற்கென்று கட்டமும் இல்லை.

பழைய சட்டத்துக்குக் கல்நெஞ்சு. அடிபட்டவனுக்குப் பாதிச் சம்பளம் உண்டா இல்லையா என்பதை நான்கு பக்கத்துக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். புரிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்காது. புதிய சட்டம் அப்படியா? தொழிலாளியை எதிரில் உட்காரவைத்து, எளிய மொழியில் வாசித்துக் காட்டி, 'புரிந்தது' என்று கையெழுத்து வாங்கினால்தான் அதற்குத் தூக்கம் வரும். அழைப்பு கிடைத்துப் பத்து நாளுக்குள் வராதவருக்குப் பலன் தேவையில்லை போலிருக்கிறது என்று பெருந்தன்மையோடு முடிவெடுத்துக்கொள்ளும்.

வலி குறையட்டும் என்று ஒன்பது நாள் பார்த்துவிட்டு, பத்தாவது நாள் காலையில் லிஃப்ட் மெக்கானிக் கிளம்பினான். மாவுக்கட்டுக் காலும் ஊன்றுகோலுமாக, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலில் வந்து நின்றான். எட்டு வாரத்துக்கு முன் அங்கேதான் லிஃப்ட் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அறிவிப்பை வாசித்துக் காட்டும் தொழிலாளர் நலப்பிரிவு நான்காவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. அதைப் பழுது பார்க்கிறவன் விபத்து விடுப்பில் இருந்தான்.

"வாசிக்கிற ஆபீசரைக் கீழ வரச் சொன்னா என்ன?" என்றாள் மனைவி.

காவலாளியின் போனில் கேட்டார்கள். நலப்பிரிவு அதிகாரியின் குரலில் தேன் வழிந்தது.

"நான் வந்துடுவேன்ணே, எனக்கென்ன. ஆனா நலப்பிரிவு அறையிலதான் வாசிக்கணும்னு விதி. தெருவுல நிக்கவெச்சு வாசிச்சா உங்க மரியாதை என்னாகிறது?"

பன்னிரண்டு வருடமாக அவன் அந்தப் படிக்கட்டை மிதித்ததில்லை. நான்காவது மாடி என்றால் அவன் கணக்கில் பதினாறு நொடி. அன்று நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் மாடி வரை ஊன்றுகோல் உழைத்தது. அதன்பின் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினான். மனைவி மாவுக்கட்டைக் கையில் ஏந்தியபடி கூடவே வந்தாள்.

"கொஞ்சம் இறக்கிப் பிடி."

"இறக்கினா படியில இடிக்கும். வாயை மூடிட்டு ஏறுங்க."

"நான் என்ன வாயாலயா ஏறுறேன்?"

அதிகாரி எழுந்து வந்து வரவேற்றார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு செய்தி வாசிப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார்: "அன்புள்ள தொழிலாளரே, பணியிடத்தின் மாடிகளுக்கு உங்களால் ஏறி வர இயலாத காலம் முழுவதும் பாதிச் சம்பளம் தொடரும்."

வாழ்க்கையில் முதன்முறையாக அவனுக்குக் கம்பெனிக் கடிதம் ஒன்று புரிந்தது. வீட்டு வாடகைக்கு வழி பிறந்துவிட்டது என்று மனைவி மூச்சு விட்டாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி முத்திரை குத்திவிட்டு அடுத்த தாளை எடுத்தார். "இது ரெண்டாவது அறிவிப்பு. 'இன்று தாங்கள் நான்காவது மாடிக்கு ஏறி வந்திருப்பது மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே இன்று முதல் பலன் நிறுத்தப்படுகிறது.'"



"அவரு எங்க தம்பி ஏறினாரு?" என்றாள் மனைவி. "உட்கார்ந்துக்கிட்டே வந்தாரு. காலை நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"அக்கா, அதை வெளியில சொல்லாதீங்க. தொழிலாளியோட காலை வேற ஆள் தூக்கினா, அனுமதியில்லாம வேலை பார்த்ததா உங்க மேல எழுத வேண்டியிருக்கும்."

"வராமலே இருந்திருந்தா?" என்று கேட்டான் மெக்கானிக்.

"பத்து நாள் முடிஞ்சு பலன் போயிருக்கும்ணே. நல்லவேளை வந்தீங்க. இப்ப காரணத்தோட போகுது."

"இதை எதிர்த்துக் கேக்கணும்னா?"

"தாராளமா. ஏழு நாளுக்குள்ள நேர்ல வரணும். இதே அறைதான். புரிஞ்சுதாண்ணே?"

"நல்லா புரிஞ்சுது" என்றான் மெக்கானிக். இரண்டாவது தாளிலும் கையெழுத்துப் போட்டான்.

பழைய சட்டமாக இருந்திருந்தால் அவனுக்கே தெரியாமல், புரியாத மொழியில் பறித்திருக்கும். புதிய சட்டம் மரியாதை தெரிந்தது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எளிய மொழியில் விளக்கிவிட்டுப் பறித்தது. பறித்ததற்கு அவன் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொண்டது.