தாரம் பார்த்த தரம்

அந்த வீட்டில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்று தரக்காரர் கண்ணாடி முன் நின்று சபதம் எடுத்துக்கொண்டார்.

பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. வரிசையாக ஊர்ந்து வரும் ஆயிரம் பிஸ்கட்டில் ஓரம் மழுங்கிய ஒன்றை ஓரக்கண்ணாலேயே பிடித்துவிடுவார். அதனால்தான் தெருவில் அந்தப் பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். சொந்தக் கல்யாணத்தில் மட்டும் ஆட்டிப் பார்க்க மறந்துவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

சபதத்துக்குக் காரணம் மனைவியின் தம்பி. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். கணக்கு வராது, எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஆனால் ஒரு தரம் பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். பெற்றவர்கள் போன பிறகு அக்கா வீட்டோடு வந்து, சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கவும் ஆரம்பித்துவிட்டது. இப்போது தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்கிறான். இரண்டு தெரு தள்ளி அப்படி ஒரு வீடு இருக்கிறது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. காலையும் மாலையும் ஒருவர் வந்து, முடியாததற்கு மட்டும் கைகொடுத்துவிட்டுப் போவார்.

கேட்டதுமே தரக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. அங்கே கவனிப்பு எப்படியோ என்னவோ என்று இழுத்தார்.

“கவனிப்பு எப்படின்னு கவனிக்கத்தானே நீங்க இருக்கீங்க?” என்றாள் மனைவி. “தரம் பார்க்கறதுல உங்களை மிஞ்ச ஆள் ஏது? ஒரு தரம் போய்ப் பாருங்க. நீங்க குறைன்னு சொன்னா இந்தப் பேச்சையே விட்டுடலாம்.”

தரக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உச்சி குளிர்ந்தால் உள்ளே மூளை உறைந்துவிடும் என்பதை இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வீட்டின் பொறுப்பாளர் அம்மாள் வாசலிலேயே காத்திருந்தார். தரம் பார்க்க வந்திருப்பதாக இவர் மிடுக்காகச் சொன்னதும், “தெரியும் சார், வீட்டுல போன்ல சொன்னாங்க. எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க, பயப்படாதீங்க” என்றார். நான் ஏன் பயப்பட வேண்டும் என்று தரக்காரருக்குப் புரியவில்லை.

கட்டிலை ஆட்டினார், ஆடவில்லை. குழாயைத் திருகினார், ஒழுகவில்லை. துண்டை மோந்து பார்த்தார், கட்டிலுக்கடியில் தவழ்ந்தும் பார்த்தார். ஒரு தூசிகூட அவருக்கு ஒத்துழைக்கவில்லை. சமையலறையிலாவது ஏதாவது சிக்கும் என்று நுழைந்தால், ஒரு காப்பி போட்டுப் பாருங்களேன் என்று அந்த அம்மாள் பாலை நீட்டினார். அடுப்பின் தரத்தைச் சோதிக்கச் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் திருகினார். ஏலத்தில் மானம் போனதே தவிர அடுப்பு பற்றவில்லை. அங்கே குடியிருக்கும் ஒருவர், பேச்சு சற்றுக் குழறும் தோட்டக்காரர், மெல்ல எழுந்து வந்து கீழே சிலிண்டரைத் திறந்துவிட்டார். எனக்கும் முதலில் வரவில்லை, போகப் போகப் பழகிவிடும் என்று இவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

“வீட்டுல காப்பி யார் சார் போடுவாங்க?” என்று பேச்சுக் கொடுத்தார் பொறுப்பாளர் அம்மாள்.

“என் மச்சினன்தான். அவன் காப்பியைக் குடிச்சவன் வேற வாயில வைக்க மாட்டான்.”

“சட்டை இஸ்திரி?”

“அவனேதான். மடிப்பைப் பாருங்க, காய் நறுக்கலாம்.”

“உங்க பிரஷர் மாத்திரை?”

“நான் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான். சாவி, குடை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எங்கே இருக்குன்னு அவனைத்தான் கேக்கணும்.” மச்சினன் புகழ் பாடப் பாட தரக்காரரின் நெஞ்சு சட்டைப் பித்தானைச் சோதித்தது. பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட ஒருவர் இவ்வளவு பெருமையாகப் பேசியிருக்க மாட்டார்.

பொறுப்பாளர் அம்மாள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “எங்க வேலையில தரம்னா சுவரும் கட்டிலும் இல்லை சார். நேத்து முடியாததை இன்னிக்கு ஒருத்தர் தானா செய்யறாரா, அதுதான். உங்க மச்சினருக்குத் தாராளமா அறை தரலாம். இத்தனை வருஷம் இன்னொரு ஆளையே கூட இருந்து கவனிச்சுக்கிட்டவராச்சே.”

“எந்த ஆளை?” என்று கேட்டார் தரக்காரர்.

அந்த அம்மாள் அவரைக் கனிவோடு பார்த்தார். பிறகு, வேண்டுமானால் தினமும் காலையில் எங்கள் ஆளை உங்கள் வீட்டுக்கு அனுப்பட்டுமா, முதலில் சின்னச் சின்ன வேலையாகப் பழக்குவார் என்று மெதுவாகக் கேட்டார்.

தரக்காரர் வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் மற்றொன்று ஜன்னலடியிலும் கிடந்தன. “போன்ல என்னடி சொன்னே?”

“பொய் ஒண்ணும் சொல்லலையே. வீட்டுல உதவி தேவைப்படற ஒருத்தர் வர்றாரு, நல்லா பார்த்துச் சொல்லுங்கன்னேன். ஏன், குறை ஏதாவது கண்டுபிடிச்சாங்களா?”

தரம் பார்க்கப் போனவரையே தாரம் தரம் பார்த்துவிட்டது. தரக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலியை ஆட்டிப் பார்க்கவில்லை. “காப்பிக்கும் சட்டைக்கும் இல்லடி. அவன் இல்லேன்னா வீடே வெறிச்சோடிப் போயிடும்” என்றார்.

“எனக்கு மட்டும் இருக்காதா?” அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். “நமக்கு அப்புறமும் அவன் தலை நிமிர்ந்து நிக்கணும். நீங்க இருக்கும்போதே நின்னு காட்டட்டுமே.”

தரக்காரர் மறுநாளே போய் அந்த அறைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்.

குடிபோன அன்று மச்சினன் தன் சாவியால் தன் கதவைத் திறந்தான். எல்லோரையும் உட்கார வைத்துத் தன் அடுப்பில் காப்பி போட்டான். சலவைக்கடை முதலாளியும் வந்திருந்தார். அவரிடம் “இது என் வீடு” என்று அவன் சொன்னபோது தரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து அந்த வழியாகப் போகும் ஆட்டோக்காரர் வரைக்கும் நிறுத்தி, அது என் மச்சினன் வீடு என்று விரலை நீட்டிச் சொன்னார்.

வெளி ஆள் யாரும் வந்து பழக்க வேண்டாம் என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பியே வந்து அத்தானுக்கு ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொடுத்தான். சட்டையில் ஒரு மடிப்பு எடுக்கச் சொன்னால் இவர் ஐந்து எடுத்தார். மச்சினன் கோபித்துக்கொள்ளாமல், திரும்பவும் தண்ணீர் தெளித்து முதலிலிருந்து காட்டினான். இதற்கிடையில் தூரத்து ஊரில் இருக்கும் பெரியக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போய்வர வேண்டும் என்று மனைவி கிளம்பினாள். எனக்கு என்ன, நான் உன் தம்பியைவிட நன்றாகச் சமாளிப்பேன் என்று தரக்காரர் மார் தட்டினார். அதை நீங்க சொல்லக்கூடாது, தம்பி பார்த்துச் சொல்லட்டும் என்றுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரக்காரர் தானே அடுப்பைப் பற்ற வைத்து, தானே பால் காய்ச்சி, பொங்கியதில் மிச்சமிருந்ததை வைத்துக் காப்பி கலந்து, தானே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து மச்சினன் முன் வைத்தார். பரீட்சை எழுதிய பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மச்சினன் சட்டையை மேலும் கீழும் பார்த்தான். கண்ணை மூடி ஒரு வாய் குடித்தான். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

“அக்கா, பெரியக்கா வீட்டுக்கு அடுத்த வருஷம் போய்க்கலாம்.”