ஹேண்ட்பிரேக் விஷயமாகப் பெரியப்பாவுக்கு எழுதித் தராத மன்னிப்பு

திண்டிவனம்,
ஜனவரி 9, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியப்பா சந்திரப்பிரபு அவர்களுக்கு,

தங்கள் தம்பி ஜிதேந்திரனின் மகள், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஸ்ரீநிதி, வணங்கி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அப்பா சுகமில்லை. காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை, ஆனாலும் சுகமில்லை. விழுப்புரத்தில் தாங்களும் ஜெயமதி பெரியம்மாவும் தங்கள் படகும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் கார் எப்படி இருக்கிறது என்று தாங்கள் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அது மெக்கானிக் அந்தோணிசாமி அண்ணன் பட்டறையில் நான்கு கதவையும் திறந்துபோட்டு வெயிலில் காய்கிறது. பின் சீட்டுக்கு அடியிலிருந்து அன்றைக்கே ஒரு கெளுத்தி மீன் கிடைத்ததாம். உயிரோடு இருந்ததால் பக்கத்துக் கிணற்றில் விட்டுவிட்டாராம். இதைப் பெரியம்மாவிடம் அவசியம் சொல்லவும். சந்தோஷப்படுவார்.

புதன்கிழமை தாங்கள் அப்பாவுக்கு போன் செய்தபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது. “ஒம் பொண்ணு நாலு பேர் எதுர்ல என்னைய பொய் சொல்றவன்னு சொல்லிட்டா. மன்னிப்பு கேட்டு, கைப்பட எழுதி, கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்லு” என்றீர்கள். முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவர் தாங்கள். எழுத்தில் இல்லாத எதையும் தாங்கள் நம்பமாட்டீர்கள் என்று அம்மா சொல்வார். ஆகவே எழுதுகிறேன். கைப்பட எழுதுகிறேன். கையெழுத்தும் போடுவேன். மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். ஏன் கேட்கமாட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தயவுசெய்து நடுவில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படிக்கவும்.

முதலில் அப்பாவைப் பற்றி. நாற்பத்து நான்கு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். பயிற்சி கொடுத்தவர், “சார், நீங்க படம் வரையறதோட நிறுத்திக்கலாமே” என்று சொல்லியும் விடாமல் கற்றுக்கொண்டார். பழைய கார்தான் என்றாலும் ஒலக்கூர் பள்ளிக்கூடத்துக்கு, தன் ஓவிய வகுப்புக்கு, அதில் போய் இறங்கும்போது அவர் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாவியைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு பஸ்ஸில் போகிறார். கார் சரியாகிவிடும், ரெண்டு நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தோணிசாமி அண்ணன் சொன்னதற்கு, “யாருக்காவது வேணுமான்னு கேளுங்க, குடுத்துடலாம்” என்றார் அப்பா. “கை பட்டு பிரேக் எறங்கறது கூட தெரியாதவன் எதுக்கு வண்டி ஓட்டணும்” என்று அம்மாவிடம் சொன்னார். கை பட்டு இறங்கியதாகச் சொன்னது தாங்கள். அதை அப்பா நம்பிவிட்டார், ஏனென்றால் அண்ணன் சொன்னால் அவர் மழை மேலே போகிறது என்றாலும் நம்புவார். எனக்கு அந்த வழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படகை இறக்கியபோது ஒரு குறையும் வரவில்லை. காரணம், என் நோட்டில் இருந்தபடி செய்தோம். தாங்கள் ஓய்வு பெற்றதும் படகு வாங்கினீர்கள். வலை போடாத, தூண்டில் போடாத, வெறுமனே உட்கார்ந்து நாரையைப் பார்த்துவிட்டு வருகிற படகு திண்டிவனம் வட்டாரத்தில் அது ஒன்றுதான். ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை. அந்தப் படகின் டிரெய்லரோடு ஒரு ஆங்கிலக் கையேடு வந்ததல்லவா, அதை அரையாண்டு விடுமுறையில் அகராதி வைத்துக்கொண்டு படித்து, தமிழில் எழுதி வைத்திருந்தேன். காரைச் சரிவில் பின்னால் விட்டு நிறுத்தியதும், கால் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுக்க வேண்டும், பிறகு கியரில் போட்டு இன்ஜினை அணைக்க வேண்டும், காலை மெல்ல எடுத்து வண்டி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், ஓட்டுபவர் இறங்கும் முன்பே வெளியில் இருப்பவர் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும், எல்லாம் முடியும்வரை காருக்கோ டிரெய்லருக்கோ பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. படகை இறக்கும்போது எவ்வளவு கவனமோ, ஏற்றும்போது அதைவிடக் கவனம், ஏனென்றால் அப்போது எல்லோரும் களைத்திருப்பார்கள் என்று கூட அதில் இருந்தது. பசித்திருப்பார்கள் என்று இல்லை. எழுதியவருக்கு நம் வீட்டைத் தெரியாது.

மாலை ஐந்தே முக்காலுக்கு நாம் கரைக்கு வந்தோம். ஐந்து ஐம்பத்து மூன்றுக்குச் சூரியன் மறைகிறது. சமண வீடு என்பதால் பொழுது சாய்ந்த பிறகு நாம் யாரும் சாப்பிடமாட்டோம். எலுமிச்சை சாதமும், வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைத் துவையலும் அப்படியே டப்பாவில் இருந்தன. பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்து, “எட்டு நிமிஷந்தான் இருக்குது” என்றார். அப்பா காரைப் பின்னால் எடுத்தார். டிரெய்லர் ஒருமுறை பனைமரத்தைப் பார்த்தது, ஒருமுறை பாண்டிச்சேரியைப் பார்த்தது. அதை நான் மறைக்கவில்லை. தாங்கள் பொறுமை இழந்து, “எறங்குடா. நீ ரிவர்ஸ் எடுத்தா நாளைக்குத்தான் சோறு” என்று சொல்லித் தாங்களே ஏறி உட்கார்ந்தீர்கள். நான் பின்னால் நின்று வழி சொன்னேன். தாங்கள் டிரெய்லரைத் தண்ணீருக்குள் நேராக விட்டீர்கள். அழகாக விட்டீர்கள் என்றே சொல்வேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நேராகச் சாப்பாட்டை நோக்கி நடந்தீர்கள்.

நான் கல் தேடினேன். அங்கே கிடந்த ஒரே பெரிய கல்லைப் புரட்டினால் அடியில் எறும்புகள், முட்டையும் குஞ்சுமாக. பெரியம்மா பதறிப்போய், “வெச்சுடும்மா, மெதுவா வெச்சுடு, அதுங்க குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது” என்றார். வைத்துவிட்டேன். அது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். அடுத்து ஒரு செங்கல்லை எடுத்தால் அதில் ஒரு நத்தை. அதையும் வைத்தேன். மூன்றாவது கல்லுக்கு நான் ஓடும்போது தாங்கள் சாதத்தைப் பிசைந்தபடி, “ஹேண்ட்பிரேக் போட்டாச்சு, கல்லு என்னாத்துக்கு? சூரியன் பூடும், வந்து சாப்புடு” என்றீர்கள். ஹேண்ட்பிரேக் இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லையே என்று சொன்னேன். “புக்க பாத்துக்கினே படகு எறக்கறவகிட்ட நான் பிரேக் போட கத்துக்கணுமா” என்று தாங்கள் பெரியம்மாவிடம் கேட்டீர்கள். பெரியம்மா கடிகாரத்தைக் காட்டினார். வாயில் சாதம் இருந்தது. நானும் கல்லை விட்டுவிட்டு ஒரு வாய் சாப்பிட உட்கார்ந்தேன்.

இதற்கிடையில் அப்பா காருக்குள் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் கயிற்றை டிரெய்லர் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கார் கிளம்பியது. பெரிய சத்தம் போட்டுக்கொண்டு பாய்ந்திருந்தால் எல்லோரும் திரும்பியிருப்போம். அது கல்யாண வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போகிறவர் மாதிரி மெல்லப் பின்னால் நழுவியது. நான் கத்தினேன். அப்பா ஒருபக்கமாகச் சாய்ந்தார். டிரெய்லரின் இரும்பு அவர் சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு போனது. பையை மட்டும்தான். ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தில் இவ்வளவு நகைச்சுவையாக எழுதியிருக்கமாட்டேன், பெரியப்பா.

தாங்கள் கையில் கவளத்தோடு எழுந்து ஓடினீர்கள். பெரியம்மா, “சூரியன் இன்னும் இருக்குது. கையில எடுத்தத வாயில போட்டுக்கினு போங்க” என்றார். போட்டுக்கொண்டீர்கள். அதனால்தான் முதல் ஒரு நிமிடம் தாங்கள் என்ன கத்தினீர்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. அதற்குள் கார் ஜன்னல்வரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. படகு மட்டும் கயிற்றோடு கூடவே போய், ஒன்றும் ஆகாமல் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்த பெரியதம்பி அண்ணன் வந்து பார்த்து, “இன்னா நைனாரே, இங்க மாடுங்களதான் குளிப்பாட்டுவோம், நீங்க காரையே எறக்கிட்டீங்க?” என்று கேட்டார். டிராக்டரில் கயிறு கட்டி, மூன்றாவது முயற்சியில் இழுத்துப் போட்டார்.

கரை வந்ததும் தாங்கள் முதலில் சொன்ன வார்த்தை இது: “நான் பிரேக் போட்டுட்டுதான் எறங்கினேன். ஜித்து, நீதான பாட்டில் எடுக்க உள்ள பூந்த? கை பட்டு எறங்கி இருக்கும்.”

அப்பா சொன்னது: “இருக்கலாம்ண்ணா.”

நான் சொன்னது: “பெரியப்பா போடவே இல்ல. போட்டிருந்தா எனக்குச் சத்தம் கேட்டிருக்கும்.” நாலு பேர் எதிரில் என்றீர்கள். எண்ணிப் பார்த்தேன், பெரியதம்பி அண்ணனும் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த இருவருமாக, நம்மைச் சேர்க்காமல் மூன்று பேர். மாடுகளைச் சேர்த்தால் பதினொன்று.

இப்போது என் ஆதாரங்கள். எங்கள் காரில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கிர்ர் என்று ஐந்து பல் ஏறும் சத்தம் கேட்கும். எனக்கு ஒன்று கூடக் கேட்கவில்லை. அடுத்து, இழுத்த ஹேண்ட்பிரேக் கை பட்டு இறங்காது. நுனியில் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கிப் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கித்தான் இறக்க வேண்டும். பக்கத்து வீட்டு வெங்கடாசலம் மாமாவிடம் கேட்டு அவர் காரில் இருபது முறை சோதித்தேன். முழங்கையால் இடித்தேன், முழங்காலால் இடித்தேன், ஒரு லிட்டர் பாட்டிலால் இடித்தேன், கடைசியில் என் புத்தகப் பையோடு மேலே விழுந்தேன். இறங்கவில்லை. மாமா, “பாப்பா, இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?” என்று மட்டும் கேட்டார். இந்தச் சோதனையின் முடிவை எங்கள் அறிவியல் ஆசிரியை புனிதா மிஸ் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன்.

ஆகவே, கை பட்டு இறங்கவில்லை. அப்பா இறக்கவில்லை. பசியில், எட்டு நிமிடத்தில், தாங்கள் போட மறந்துவிட்டீர்கள். மறப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பசி எல்லோருக்கும் வரும். ஆனால் மறந்ததைத் தம்பியின் கையில் வைத்துவிட்டுப் போனது சரியில்லை. அவர் திருப்பித் தரமாட்டார், வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் நான் திருப்பித் தருகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு போன் செய்து, “நீ இல்லடா” என்று சொல்லுங்கள். மூன்று சொல் கூட இல்லை. அதுவரை தாங்கள் கேட்ட மன்னிப்பு என் பேனாவிலிருந்து வராது. இதற்காக என்னை இனிமேல் படகில் ஏற்றமாட்டீர்கள் என்றால் நான் கரையில் நின்று நாரையைப் பார்த்துக்கொள்கிறேன். கரையிலிருந்தும் தெரிகிறது.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். துவையல் மிகவும் நன்றாக இருந்தது என்று அன்று சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். தங்கள் முழங்கால் வலி குறைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கோபமாக இருந்தாலும் அதை ஒருநாளும் விடவில்லை.

என்றும் தங்கள் மேல் மரியாதையும் இந்த விஷயத்தில் மறுப்பும் உள்ள,
ஜி. ஸ்ரீநிதி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் அப்பா பள்ளியிலிருந்து வந்தார். பஸ்ஸில் பெரியதம்பி அண்ணனைப் பார்த்தாராம். அவர் சொன்னதை அப்பா சொன்னபடியே எழுதுகிறேன்: “சார், கார கயித்த கட்டி இழுக்கறேன், இழுக்கறேன், வரவே மாட்டேங்குது. இன்னாடான்னு உள்ள பூந்து பாத்தா ஹேண்ட்பிரேக்கு மேல தூக்கி நிக்குது. நான்தான் எறக்கி வுட்டேன். பிரேக் போட்டா மட்டும் ஆச்சா? அது புடிக்கறது பின்சக்கரத்த. அந்தப் பின்சக்கரத்தையே கொண்டுபோய் மாடு குளிக்கிற பாசியில வுட்டா எது நிக்கும்? அவ்ளோ தூரம் யாரு வுடச் சொன்னது?”

நான்தான், பெரியப்பா. “வாங்க, வாங்க, இன்னும் ரெண்டு அடி வாங்க” என்று சொன்னது நான். பின்சக்கரம் ஈரத்தில் இறங்கக்கூடாது என்று கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் படம் மட்டும்தான் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். இப்போது பார்த்தேன், படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. தாங்கள் பிரேக் இழுத்த சத்தம் கேட்காததற்குக் காரணமும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் “போதும், போதும்” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஏழு பக்கம், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. கல் வைக்காமல் விட்டதைப் பற்றி எழுதியது இன்னும் சரியாகத்தான் இருக்கிறது, அதை மட்டும் படிக்கவும். அப்பா செய்தியைச் சொல்லிவிட்டு, “அப்ப நான் இல்லம்மா” என்றார். பிறகு, “அண்ணனும் இல்ல பாரு” என்றார், அதைச் சொல்லும்போது இன்னும் சந்தோஷமாக இருந்தார். டீ கூடக் குடிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு அந்தோணிசாமி அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அந்த ரெண்டு அடியைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வருகிறோம். அப்பாதான் ஓட்டுவார். நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு வருவேன். வந்ததும் தங்கள் முன்னால் நின்று கேட்க வேண்டியதை வாயால் கேட்கிறேன். எழுதி மட்டும் தரமாட்டேன்.