கொன்ட்ரோல் சேரும் ஒரு கறுப்புக் கோடும்

உலகத்தில் எதையும் இரண்டு தடவை செய்து, அதில் ஒன்றை வேண்டுமென்றே பாழாக்கிப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கொன்ட்ரோல் சேர்தான். மாத்தளை டவுனில் ஒரு சின்ன ஆய்வுகூடத்துக்கு அவர்தான் பெரிய விஞ்ஞானி. நான் முதுமாணிப் பட்டத்துக்காக அவரிடம் வந்து மாட்டிக்கொண்டவள்.

முதல் நாளே கென்டீனில், சேர் கடைக்கார நானாவிடம் டீ சொன்ன விதத்தில் எனக்கு அதிர்ச்சி.

"நானா, ரெண்டு பால் டீ. ஒண்ணுல தேயிலை போடாதீங்க."

"அப்ப அது வெறும் பாலுதானே சேர்?"

"இல்ல நானா, அது கொன்ட்ரோல், ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு. தூக்கம் கலையிறது தேயிலையாலயா, சூட்டாலயான்னு தெரியணும்ல."

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சேர் இரண்டையும் குடித்துவிட்டு, பாலில்தான் நன்றாக முழிப்பு வந்தது என்று அறிவித்தார். தேயிலை விளையும் ஊரில் ஒரு மனிதர் பேசுகிற பேச்சா இது?

பலாபத்வலையில் இருந்த அவருடைய தங்கச்சிக்கு இரட்டைப் பெண்கள். இருவரும் ஏ.எல். பரீட்சை எழுதினார்கள். தாய்மாமனான எங்கள் சேர் கோயிலுக்குப் போய் ஒருத்திக்கு மட்டும் நேர்த்தி வைத்தார். நேர்த்தி வைக்காதவள் கெம்பஸுக்குத் தெரிவானாள். மற்றவள் வீட்டிலிருந்தாள். தங்கச்சி ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏண்ணே, ரெண்டு பேருக்கும் வேண்டினா அம்மன் வேணாம்னா சொல்லப்போறா?"

"ரெண்டு பேருக்கும் வேண்டிட்டா, அம்மன் செஞ்சதா, அதுங்க படிச்சதான்னு எப்புடிம்மா தெரியும்?"

அந்தம்மா தீபாவளி வரைக்கும் அண்ணனோடு பேசவில்லை. இப்படிப்பட்டவர் கையில்தான் என் பட்டம் இருந்தது.

எங்கள் ஆராய்ச்சி ஒரு புரதத்தைப் பற்றியது. கலத்தின் கருவுக்குள் இருந்து ஆர்.என்.ஏ.யைப் பிடித்து வேலை வாங்கும் புரதம். சிலருக்கு அது கருவைவிட்டு வெளியே வந்து கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். கை கால் சூம்பி ஆள் படுத்துவிடுவார். அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டிலிருந்து சுண்டுவிரல் அளவு குப்பியில் ஒரு பிறபொருளெதிரி, அதாவது என்டிபொடி, வந்தது. அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டுமாம், ஒட்டினால் திரையில் கறுப்புக் கோடு விழுமாம். விழுந்தது. நோயாளிகளின் கலங்களில், கருவுக்கு வெளியே இருந்து பிரித்தெடுத்த பகுதியில், நல்ல தடித்த கோடு. கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். மகள் நோய்க்கு மருந்தே கண்டுபிடித்துவிட்டாள் என்று அம்மா எங்கள் ஊர் உக்குவளைக் கடைகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கையளிக்கப் போகும்போது சேர் வழியை மறித்தார்.

"புரதமே இல்லாத கலத்துல போட்டுப் பாத்தியா பிள்ள?"

"குப்பிய அனுப்பின கம்பெனியில பாத்துத்தான் எழுதியிருக்காங்க சேர்."

"அவங்க விக்கிறவங்க. நீ பட்டம் வாங்கப் போறவ."

அந்தப் புரதத்துக்கான மரபணுவையே வெட்டி எடுத்த கலங்களைக் கண்டியில் யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்தார். ஆளில்லாத வீடு மாதிரி அது. கதவைத் தட்டினால் யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

ஆனால் குரல் கொடுத்தார்கள். அதே இடத்தில், அதே தடிப்பில், அதே கறுப்புக் கோடு. அந்தக் குப்பிச் சாமான் வேறு எதிலோ ஒட்டிக்கொண்டு இத்தனை காலம் எங்களை ஏமாற்றியிருக்கிறது. யாரென்றே தெரியாத ஒரு புரதத்தின் வாழ்க்கை வரலாற்றை நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன்.

"இப்ப நான் என்ன சேர் செய்றது?"

"அழு. அழுதுட்டு வா. வேற கம்பெனிக்குச் சொல்லிட்டேன்."

பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மருந்து எப்போது வரும் என்று கடைக்காரர்கள் கேட்டதில் அம்மா உக்குவளை டவுன் பக்கமே போகாமல் இருந்தார். சேர்மீது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. புதுக் குப்பி வந்ததும் முதலில் புரதமில்லாத கலத்தில் போட்டோம். திரையில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்த்து நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன். நோயாளிகளின் கலங்களில் கோடு மெலிதாகத்தான் விழுந்தது. ஆனால் அது நிஜம்.

வாய்மொழிப் பரீட்சையில் கொழும்புப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, "புரதம் இல்லாத கலத்தில் பார்த்தீர்களா?" என்பதுதான். வெறுமையான அந்தப் படத்தை நீட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வெளியே வந்து சேருக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ் சேர்."

அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து வரவில்லை, கேள்விதான் வந்தது.

"இன்னிக்கு வேற யாராச்சும் ஃபெயிலானாங்களா?"

"ஒருத்தர் ஆனாரு சேர்."

"அப்ப நெசமாவே பாஸ்தான்," என்றார்.

என்னை நம்பியவர்கள் நிறையப் பேர். எனக்காக இவ்வளவு சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.