படிவம் பதினேழும் ஒரு கரண்டிக் கஞ்சியும்

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நெருப்பா சக்கரமா என்று வாதாடுகிறவர்கள் பெரிய மருத்துவமனையின் படிவம் பதினேழைக் கண்ணால் கண்டதில்லை. நோயாளியின் உடம்புக்குள் வைத்த எந்தத் 'தற்காலிகச் சாதன'மும் வெளியே எடுக்கப்பட்டு, சீல் வைக்கப்பட்டு, கிடங்கில் ஒப்படைக்கப்பட வேண்டும். அதுவரை டிஸ்சார்ஜ் கிடையாது. அப்பேர்ப்பட்ட படிவம்.

தையல்காரியின் கணவர் பஸ் ஓட்டுநர். மாரடைப்புக்குப் பிறகு துடிப்பு தடுமாறியபோது, டாக்டர் நெஞ்சைத் திறக்காமல் ஊசியிலேயே ஒரு கூழை ஏற்றினார். அது இதயத்தின் மேல் படிந்து, மின்சாரம் கடத்தி, ஐந்து நாள் துடிப்பை ஒழுங்காக ஓட்டிவிட்டு, தானே கரைந்து போனது.

ஆறாம் நாள் கிடங்கு அதிகாரி வந்தார். முப்பது வருடத்தில் ஒரு பஞ்சுருண்டையைக்கூடத் தொலைக்காத மகான்.

"சாதனம் எங்கம்மா?"

"கரைஞ்சிடுச்சுங்க. கரையணும்னுதானே வெச்சாங்க."

"கரைஞ்சதுக்கு அத்தாட்சி?"

"இவரு உயிரோட உட்கார்ந்திருக்காரே!"

"அது அவரோட சொந்த விஷயம்மா."

குழு கூடியது. மூன்று மணி நேர 'ஆழ்ந்த பரிசீலனை'க்குப் பின், நெஞ்சைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பதை நேரில் பார்த்து உறுதி செய்வதென்று ஒருமனதாக முடிவானது. டாக்டர் தலையைச் சொறிந்தார்.

"சின்ன அறுவைதாம்மா. நாளைக்குக் காலையில பத்து மணி."

"தாங்குவாரா டாக்டர்?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

அவள் கண்கொட்டாமல் காத்துக் கிடந்து மீட்ட உயிர்! வீட்டுக்கு ஓடினாள். சட்டைக் காலருக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு கரண்டி எடுத்துக் குப்பியில் ஊற்றி வந்தாள்.

"இருமினாருங்க, வந்துடுச்சு."

அதிகாரி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பரவசப்பட்டார். முத்திரை விழுந்தது. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இங்க எதுவும் வீணாகாதும்மா," என்றார் அதிகாரி பெருமையாக. "இன்னைக்கே பக்கத்துக் கட்டில் வாத்தியாருக்கு இதை ஏத்திடுவோம்."

வாத்தியார் அவளைப் பார்த்து நன்றியோடு சிரித்தார். குளிரில் தன் போர்வையை அவள் கணவருக்குக் கொடுத்த மனிதர். அவள் பாய்ந்து குப்பியைப் பிடுங்கினாள், மடக்கென்று விழுங்கினாள்.

"ஐயோ, இது கஞ்சிங்க! வெறும் கஞ்சி!"

அதிகாரி அசரவில்லை. "கஞ்சியா சாதனமாங்கறதைத் திறந்து பார்த்துதாம்மா சொல்லணும்."

படிவத்தை எடுத்தார். 'கணவர்' என்பதை அடித்து 'மனைவி' என்றும், 'நெஞ்சு' என்பதை அடித்து 'வயிறு' என்றும் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். பத்து மணிக்கு ஒதுக்கிய அறுவை மேசை காலியாகக் கிடக்கவில்லை. அங்கே எதுவும் வீணாவதில்லை, உயிரைத் தவிர.