இரவல் ரத்தம்

"இந்த மெஷினுக்கு என் ஒடம்புலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் கெடையாது!"

எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நின்று அசோகன் சபதம் போட்டான். கீழ்வீடு வரைக்கும் கேட்டது. பெண்டாட்டி ஜெயக்கொடிக்குக் கேட்டதா என்றுதான் தெரியவில்லை. அவள் மெஷினுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள்.

விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தால் சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிற மெஷின். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை. அந்த நிமிஷமே ஜெயக்கொடியின் போனுக்கும் தகவல் போய்விடும். கோள்மூட்டுவதற்கென்றே செய்து விற்கிறான்கள், பாவிகள்! ஆனால் வேறு வழியில்லை. அசோகனின் கால் கட்டைவிரலில் இரண்டு மாசமாக ஆறாத புண். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் சாண்ட்ரா மெஷினைக் கொடுத்து, தினம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு குத்து என்றாள்.

"என் ரத்தம் என் சொந்த விசயம்டி."

"வெரலு பூட்டா நொண்டப்போறது உன் சொந்த விசயம். உன்ன தூக்கிகினு மூணு மாடி ஏறப்போறது யாரு சொந்த விசயம்?"

"நான் வேல செய்ற யார்டுல இன்னா நெனப்பானுங்க? பொண்டாட்டிக்கு டெய்லி ரத்தம் அனுப்பறான் பாருன்னு சிரிக்கமாட்டானுங்க?"

"சிரிக்கட்டும். நாலு மணிக்கு நம்பரு வரலைன்னா ராத்திரிக்கு சோறு வராது."

சபதம் அத்தோடு முடிந்தது.

அசோகனுக்கு வேலை திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில். அங்கே ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. வீட்டில் கிடைப்பது சர்க்கரையில்லாத கசாயம். இந்த நாலு டீயும் போய்விட்டால் அப்புறம் உசிரோடு இருந்து என்ன பிரயோஜனம்? யோசித்தான். கண்ணில் பட்டான் தவ்ஃபீக். இருபது வருஷத்துத் தோஸ்து. உடம்பில் வேண்டாத சதை ஒரு பிடி கிடையாது. போதாததற்கு ரம்ஜான் மாசம். விடிகாலையிலிருந்து பச்சைத்தண்ணி கூடப் படாத வயிறு.

"மாமு, ஒரு வெரலு குடு."

"இன்னாத்துக்கு?"

"என் பொண்டாட்டிக்கு அனுப்பணும்."

தவ்ஃபீக் விரலை மடக்கிக்கொண்டான். விவரம் சொன்ன பிறகும் நீட்டவில்லை.

"நோம்பு முறிஞ்சிடும்பா."

"ஒரு சொட்டுக்கா?"

மதியத் தொழுகைக்குப் போன தவ்ஃபீக் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு வந்தான். "ஒரு சொட்டுக்கு முறியாதாம். பொய்க்கு இன்னான்னு நான் கேக்கல, அது உன் பாடு."

நாலு மணிக்கு அவன் விரலில் ஒரு குத்து. எண்பத்திரண்டு! அசோகன் ஜென்மத்தில் பார்த்திராத எண். ஜெயக்கொடி போன் பண்ணினாள். "யோவ், கண்ணே பட்டுடும்போலகீதுய்யா!" அசோகன் அடக்கமாகச் சிரித்துவிட்டு, மூன்று ஸ்பூன் போட்டு டீயை உறிஞ்சினான்.

மூன்றாம் நாள் அறுபத்தாறு காட்டியது. ஜெயக்கொடியின் போனில் எண் சிவப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஒரு சொம்பு இனிப்புத் தண்ணியோடு வாசலில் நிற்கிறாள்.

"சக்கர ரொம்ப எறங்கிட்சாம்யா. மயக்கம் வருமாம். ஒடனே இனிப்பு குடுக்கணும்னு சாண்ட்ரா மேடம் சொன்னாங்க. குடி!"

அசோகனுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. குடித்தான். அதன் மேலே அவள் போட்டுக் கொடுத்த இனிப்பான டீ ஒன்று. மெஷினைக் கண்டுபிடித்தவன் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று மனசார வாழ்த்தினான்.

தவ்ஃபீக் நோன்பில் இருக்கிறான். எண் எப்படி ஏறும்? தினம் சிவப்பு. தினம் ஒரு சொம்பு. ஒரு வாரம் சொர்க்கத்தில் இருந்த அசோகனுக்கு எட்டாம் நாள்தான் புண் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தான். பெரிசான மாதிரி இருந்தது. நாக்கு வறண்டது. அல்லது வறண்ட மாதிரி இருந்தது.

"வோணாம் ஜெயா. திகட்டுது."

"நம்பரு செகப்புல கீதுய்யா. குடி."

"நல்லாதான் கீறேன்."

"மயக்கம் வர்றவன் அப்டித்தான் சொல்லுவானாம். வாயத் தொற."

குடித்து முடிக்கும் வரை நகர மாட்டாள். மறுநாள் தவ்ஃபீக்கிடம் ஓடினான். "மாமு, ஒரே ஒரு பேரீச்சம்பழம் வாயில போட்டுகினு வெரலு குடேன்." தவ்ஃபீக் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். சொந்த விரலைக் குத்தலாம். நானூறு காட்டும். மானம் போகும், சோறும் போகும். மாட்டிக்கொண்டான் மனுஷன்.

யார்டு டீயை அவனே நிறுத்தினான், நாலையும். வடையை நிறுத்தினான். ஏறிய சர்க்கரையைக் கரைக்க வேண்டுமே என்று தினமும் பஸ்ஸை விட்டுவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து எர்ணாவூருக்கு நடந்தான். லாரிப் புழுதியில் நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தால், வாசலில் சொம்பு! எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். விரல் போய்விட்ட மாதிரியும், செருப்பு நழுவுகிற மாதிரியும், யார்டே வேடிக்கை பார்க்கிற மாதிரியும் தோன்றியது.

பதினெட்டாம் நாள் சொம்பைக் கண்டதும் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஜெயா, அது என் ரத்தமே இல்ல. தவ்ஃபீக்குது. நான் சாவப்போறேன். என் வெரலு பூட்ச்சி!"

ஜெயக்கொடி அவன் விரலைப் பிடித்து நறுக்கென்று குத்தினாள். அசோகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நூத்தி இருவத்தி நாலு."

"இன்னாது?"

"மொத நாளே ஆஃபியா எங்கிட்ட சொல்லிட்சி." ஆஃபியா தவ்ஃபீக்கின் மனைவி. "அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வெரல்ல இன்னா ஓட்டைன்னு கேட்டிருக்கா, கொட்டிட்டாரு. சொம்புல சக்கரையே கெடையாது. அது சக்கரையில்லாத இனிப்பு மாத்திரை. நான் குடுத்த டீயிலயும் அதான்."

"அப்ப... பதினெட்டு நாளும்?"

"காலைல நீ கொறட்ட வுட்டுகினு கீறச்சொல்லோ இன்னொரு மெஷின்ல உன் வெரல குத்திகினுதான் இருந்தேன். சாண்ட்ரா மேடம் குடுத்தாங்க. மொத வாரம் பாத்து நான் அழாத நாளில்ல. அப்புறந்தான் எறங்கிட்சி. பயந்துகினு நடந்த பாரு, அதுல!" சொல்லிக்கொண்டே அவன் காலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "வெரலு பூட்டா நான் இன்னா பண்ணுவேன்னு நெனச்சியாய்யா?"

அசோகன் புண்ணைப் பார்த்தான். ஓரம் காய்ந்து சுருங்கியிருந்தது. விரல் விரலாகவே இருந்தது. உசிர் திரும்பி வந்தது. அதோடு பழைய ஆசையும் திரும்பி வந்தது.

"ஜெயா, தப்புதான். அதான் நம்பரு நல்லாகீதே. நெசமான சக்கர போட்டு ஒரே ஒரு டீ?"

"போட்டுட்டா போச்சு. மூணு ஸ்பூனு."

எழுந்து அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனான். அடுப்பில் பால் பொங்கியது. டப்பாவைத் திறந்து, அவன் கண் முன்னாலேயே மூன்று ஸ்பூன் போட்டாள். வாசனை மூக்கைத் துளைத்தது. கையை நீட்டினான்.

"உனக்கில்ல. தவ்ஃபீக் அண்ணன் நோம்பு தொறந்துட்டு இப்ப வர்றாரு. அத்தன நாளு ரத்தம் குடுத்தவருக்குதான் டீ. நீ ஆத்து."