தானாக விழிக்கும் கம்ப்யூட்டரும் ஆல்டோ தம்பியும்

புஜைரா

அன்பும் மதிப்பும் நிறைந்த இன்பமணி அத்தானுக்கு, தேவதாஸ் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கு நான் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். சுகம் என்று எழுதியது மரியாதைக்குத்தான். நீங்கள் கட்டிவிட்ட வாட்ச் இன்றும் ஊர் நேரத்திலேயே ஓடுகிறது. வீட்டுக்காரி லிண்டாவை நேரம் தப்பாமல் போனில் கூப்பிட அதுதான் வசதி. வாட்ஸ்அப்பில் எழுதினால் யார் படிப்பார்களோ என்று, லீவில் வரும் பெனோ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறை பிரித்த தடம் இருந்தால் பெனோவையும் நம்பாதீர்கள்.

எங்கள் கப்பல் சாமான் கம்பெனிக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. துபாய் ஹெட் ஆபீஸில் இருந்தபடியே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கலாமாம். ஆட்டிவைப்பவன் வேறு யாருமில்லை, என் மகள் அக்ஸாவுக்கு நீங்கள் பேசி முடித்த மாப்பிள்ளை ஆல்டோதான். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே அடிவயிற்றில் ஒரு நீலப் பக்கம் உண்டு, உங்கள் கிளைக்கு வேண்டியதை நீங்களே தேர்ந்து வையுங்கள் மாமா என்று போனில் தேனாகப் பேசினான். பெட்டி எப்போது தானாக விழிக்க வேண்டும், எப்போது அணைய வேண்டும், பென்டிரைவ் ஓட்டை திறந்திருக்கலாமா என்று அந்தப் பக்கம் போலீஸ்காரன் மாதிரி கேட்டது. விழிக்க எட்டு, அணைய ஐந்து என்று வைத்தேன். உள்ளே ஓடும் கடிகாரத்தையும் கை வாட்சைப் பார்த்துச் சரியாகத் திருத்தினேன்.

மறுநாளே கூத்து தொடங்கியது. ஆளில்லாத ஆபீஸில் கம்ப்யூட்டர் விழித்து உட்கார்ந்திருக்கிறது என்று வாட்ச்மேன் கௌஸ் முகம்மது பயந்துபோய்ச் சொன்னார். சாயங்காலம் கப்பல்காரன் பேப்பருக்காக வாசலில் நிற்கும்போதே படக்கென்று அணைந்துவிடுகிறது. போதாததற்கு ஹெட் ஆபீஸிலிருந்து மெயில்: நான் தினமும் ஒன்றரை மணி நேரம் லேட்டாக வருகிறேனாம், கம்ப்யூட்டரே சாட்சியாம், விளக்கம் சொல்லும்வரை லீவு மாஃபியாம். லீவு இல்லையென்றால் மகள் கல்யாணத்துக்கு அப்பன் இல்லை. நெஞ்சு எரிகிறது அத்தான்.

இந்தக் காலத்துப் பையன் எதற்கு இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான்? என்னை லேட்டுக்காரனாக்கித் தூக்கிவிட்டு, அந்தச் சீட்டில் தன் தம்பியை உட்காரவைக்கத்தான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? அந்த நீலப் பக்கத்தையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டேன். இப்போது துபாய் தவிக்கிறது. நாளை அவனே நேரில் வருகிறானாம், வரட்டும்.

ஆகையால் இதைப் பார்த்தவுடன் ஆல்டோ வீட்டுக்குப் போய் நிச்சயத்தை நிறுத்திவிடுங்கள். பையன் போக்கு சரியில்லை என்று மட்டும் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் விவரம் வேண்டாம். அவர்களுக்குப் புரியாது, எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாத மைத்துனன்
தேவதாஸ்

பி.கு.: உறையைப் பிரித்தது நான்தான், பெனோவைச் சந்தேகிக்க வேண்டாம். அவன் டாக்ஸியில் காத்திருக்கிறான், வேறு கடிதம் எழுத நேரமில்லை. ஆல்டோ வந்தான். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "மாமா, இப்ப மணி என்ன?" என்றான். சொன்னேன். ஆபீஸ் சுவர்க் கடிகாரம் வேறு சொன்னது. நான் கம்ப்யூட்டரை எழுப்பியது ஊர் எட்டு மணிக்காம், இங்கே அப்போது ஆறரைதானாம். ஹெட் ஆபீஸுக்கு விளக்கமும் அவனே எழுதி, லீவையும் வாங்கித் தந்துவிட்டான். நிச்சயத்தை நிறுத்த வேண்டாம், தங்கமான பையன். ஆனால் கடிகாரத்தைத் திருத்த என் பாஸ்வேர்டு வேண்டுமென்றான். "ஆல்டோ கள்ளன்" என்று நானே வாயைத் திறந்து சொன்னேன், அத்தான். அவன் முகம் மாறாமல் தட்டிக்கொண்டே, "ஆல்டோவுக்கு மொத எழுத்து பெருசா, சின்னதா மாமா?" என்று கேட்டான்.