பட்டாணிக்கு ஊண்டின தடி

உலகச் சண்டைக்காலம். அரிசி கூப்பனுக்கு. எல்லாரும் வளவில மரக்கறி நடவேணுமெண்டு நான் வேலை பார்த்த கந்தோரில வெள்ளைக்காரத் துரை ஆளுக்கொரு விதைப் பொட்டலம் தந்தார். எனக்குச் சீமைப் பட்டாணி. அதைக் கொழும்பில எங்கட வெள்ளவத்தை வீட்டுக்குப் பின்னால நடவேணும். அவ்வளவுதான் வேலை.

கடற்காத்துக்கும் வெயிலுக்கும் இது சரிவராது, பேசாமல் பயித்தங்காயைப் போடுங்கோ எண்டு என்ர மனுசி சொன்னா.

"துரைக்குத் தெரியாததே உமக்குத் தெரியும்?" எண்டு கேட்டன். கேட்டிருக்கக் கூடாது.

விதை முளைச்சுது! எனக்குத் தலைகால் தெரியேல்லை. கொடி கூரைக்கு ஏறிட்டுது எண்டு கந்தோரில அளந்துவிட்டன். உண்மையில அது என்ர முழங்காலுக்கும் வரேல்லை.

கொடிக்குத் தடி வேணுமே. பக்கத்து வீட்டில முருங்கை தறிச்ச கொப்பெல்லாம் வேலியோரம் கிடந்தது. சும்மா கிடக்கிறதை விடுவனோ? வரிசையா ஊண்டினன். முருங்கைக் கொப்பை ஊண்டினா என்ன நடக்குமெண்டு யாழ்ப்பாணத்தில பால்குடிக்கும் தெரியும். இந்த யாழ்ப்பாணத்தானுக்கு மட்டும் அண்டைக்கு ஞாபகம் வரேல்லை.

காலமையும் பின்னேரமும் வாளி வாளியாத் தண்ணி ஊத்தினன். பட்டாணி மஞ்சளாச்சுது. தடி தளிர்த்துது! பிறகு பட்டாணி செத்துது. தடி என்னை விட உயர்ந்திட்டுது.

அந்த நேரம் பார்த்துத் துரை, ஞாயிற்றுக்கிழமை உன்ர பட்டாணியைப் பார்க்க வாறன் எண்டார். என்ர மானம் கப்பலேறப் போகுது! உண்மையைச் சொல்லிவிடுங்கோ எண்டு மனுசி படிச்சுப் படிச்சுச் சொன்னா. வெள்ளைக்காரனுக்கு எந்த இலை எதெண்டு எங்க தெரியும் எண்டு நான் காய்ஞ்ச கொடியைப் பிடுங்கி எறிஞ்சிட்டன்.

துரை வந்தார். விறாந்தையில இருத்தித் தேத்தண்ணி குடுத்து அனுப்பலாமெண்டு பார்த்தன். மனுசன் நேரே பின்னுக்குப் போயிட்டார். அண்ணாந்து பார்த்தார். இதுதானோ எண்டு இங்கிலீசில கேட்டார். ஓம், எங்கட மண்ணுக்கு இலை கொஞ்சம் மாறும் எண்டு நானும் இங்கிலீசிலயே அவிட்டுவிட்டன்.

துரை ஒரு கொத்து இலையைப் பிடுங்கி மணந்தார். இவ்வளவு காலமும் எங்களோட தமிழில ஒரு சொல்லுக் கதைக்காத மனுசன், ஆறுதலாச் சொன்னார்:

"நான் யாழ்ப்பாணத்தில கனகாலம் வேலை பார்த்தனான். இது முருங்கை."

வெக்கமெண்டால் வெக்கம்!

மனுசிதான் காப்பாத்தினா. "துரை சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" எண்டு, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த முருங்கையிலை வறையோட சோறு போட்டா. துரை மறுதரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகேக்க, தன்ர பங்களாவிலயும் பட்டாணி செத்துப்போச்சுது எண்டு மெல்லமா ஒத்துக்கொண்டு, ரெண்டு தடியைப் பிடுங்கிக் காரில ஏத்திக்கொண்டு போனார்.

இதால சகலருக்கும் அறியத்தாறது என்னெண்டால், முருங்கை வேணுமெண்டா பட்டாணி நடுங்கோ.